அன்ஷ்லுஸ்: ஒரு விமான நிலையமும் இரண்டு ரயில் நிலையங்களும்

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஜெர்மனிக்குள் செல்ல எண்ணும் வெளிநாட்டுப் பயணி முதலில் ஒரு சிறு குழப்பத்தைச் சந்திக்கிறார். ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. முதலாம் முனையத்தின் அடியில், நிலத்துக்குக் கீழே, 1 முதல் 3 வரை எண்ணிட்ட தடங்களுடன் வட்டார வண்டிகளுக்கான நிலையம் இருக்கிறது. மூடிய நடைபாலத்தின் வழியே சற்றுத் தொலைவு நடந்தால் 4 முதல் 7 வரையிலான தடங்களுடன் தொலைதூர வண்டிகளுக்கான நிலையம் வருகிறது. முன்னது 1972இல் திறக்கப்பட்டது, பின்னது 1999இல். எந்த நிலையத்துக்குப் போவது, எந்தச் சீட்டை வாங்குவது, விமானத்துக்கும் வண்டிக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுவது, வண்டி தவறினால் யார் பொறுப்பு என்று பயணி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றைத் தொடர ஒரு சொல் போதும். ஜெர்மன் மொழியில் இணைப்பு வண்டியைக் குறிக்கும் சொல் 'அன்ஷ்லுஸ்'. பூட்டுதல், அடைத்தல் என்று பொருள்படும் வினையோடு 'சேர' என்னும் பொருள் தரும் முன்னொட்டு கூடி உருவானது. ஒன்றை மற்றொன்றோடு பூட்டுவது என்பது அதன் உட்பொருள். தொலைபேசி இணைப்புக்கும் புதிய ஊரில் நட்பு கிடைப்பதற்கும் இதே சொல்தான் வழங்குகிறது. 1938இல் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்டதையும் இச்சொல்லே குறித்ததால், ஜெர்மனிக்கு வெளியே அந்த ஒரு பொருள் மட்டுமே பலருக்குத் தெரியும். ரயில்வேயில் அது ஒரு வாக்குறுதி: நீங்கள் வந்திறங்கும் நேரத்துக்கு ஏற்ப அடுத்த வண்டி புறப்படும். அந்த வாக்குறுதியைக் காக்கும் பொறுப்பு காலந்தோறும் யாரிடம் இருந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இரண்டு வண்டிகளைப் பூட்டுவதற்கு முதலில் ஒரே கடிகாரம் வேண்டும். நியூரம்பெர்க் நகருக்கும் ஃப்யூர்த் நகருக்கும் இடையே 1835 டிசம்பர் 7 அன்று முதல் வண்டி ஓடியபோது அது தேவைப்படவில்லை. தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பல அரசுகளின் பாதைகள் ஒன்றோடொன்று பின்னிய பிறகே சிக்கல் தோன்றியது. முதுபெரும் படைத்தலைவர் மோல்ட்கே, தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1891 மார்ச்சில் பேரரசின் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேசினார். வடக்கே பெர்லின் நேரம், பவேரியாவில் மியூனிக் நேரம், வூர்ட்டம்பெர்க்கில் ஸ்டுட்கார்ட் நேரம், பாடனில் கார்ல்ஸ்ரூஹே நேரம், பலாட்டினேட் பகுதியில் லுட்விக்ஸ்ஹாஃபன் நேரம் என ஐந்து நேரங்கள் ஒரே நாட்டுக்குள் வழங்கின. அவருடைய கவலை பயணிகளைப் பற்றியதன்று. போர்க்காலத்தில் படைகளைத் திரட்டுவதைப் பற்றியது. எதன் பொருட்டாயினும், 1893 ஏப்ரல் 1 முதல் கிழக்கு 15ஆம் தீர்க்கரேகையின் நேரம் நாடு முழுமைக்கும் சட்டமானது.

கடிகாரத்தைப் போலவே சொற்களும் அதே காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டன. அதுவரை ஜெர்மானியப் பயணி 'பில்லெட்' வாங்கி, 'பெர்ரோன்' மீது நின்று, 'கூப்பே'யில் அமர்ந்தார். மூன்றும் பிரெஞ்சு வழிச் சொற்கள். பிரஷ்ய அரசின் கட்டுமானத் துறை அதிகாரியான ஓட்டோ சாராட்சின், 1886இல் அயற்சொற்களுக்கு ஈடான ஜெர்மன் சொற்களின் அகராதி ஒன்றை வெளியிட்டார். பின்னாளில் ஜெர்மன் மொழிச் சங்கத்தின் தலைவரும் ஆனார். அவரும் அவரைப் போன்றோரும் முன்னெடுத்த முயற்சியால் ரயில்வேயில் 'ஃபார்கார்டெ', 'பான்ஸ்டைக்', 'ஆப்டைல்' என்னும் சொற்கள் நிலைபெற்றன. நடைமேடை என்ற சொல் அறிவிப்புகளில் வேரூன்றிய பிறகும் பேச்சில் பிளாட்பாரமே ஆட்சி செய்வதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்கலாம்: அங்கே ஆக்கச் சொற்கள் பேச்சிலும் வென்றன. சீட்டையும் பலகையையும் அச்சிட்டது அரசு ரயில்வே என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகலாம். அந்த ஆணை எட்டாத சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேச்சில் 'பெர்ரோனு'ம் 'பில்லெட்டு'ம் இன்றுவரை உயிரோடிருக்கின்றன. நூறாண்டு கழித்து ஆங்கிலம் வேறு வாசல் வழியாக வந்தது. 1990களில் தகவல் மேசைகள் 'சர்வீஸ் பாயிண்ட்' ஆயின. எதிர்ப்பு வலுக்கவே அச்சொல்லை ரயில்வே பின்னர் கைவிட்டது. இன்றைய பயணி அறியவேண்டிய சொல் இன்னொன்றும் உண்டு. சீட்டிலும் பலகையிலும் எண்ணோடு வருவது பெரும்பாலும் 'க்ளைஸ்'. அது தண்டவாளத் தடத்தைக் குறிக்கிறது, நடைமேடையை அன்று. ஒரே மேடையின் இரு பக்கங்களுக்கும் வெவ்வேறு எண்கள் இருப்பது இதனால்தான்.

அன்ஷ்லுஸ் என்னும் வாக்குறுதி முழு வடிவம் பெற்றது மேற்கு ஜெர்மனியில், 1970களில். 1971 செப்டம்பரில் 'இன்டர்சிட்டி' வண்டிகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக ஓடத் தொடங்கின. அவற்றில் முதல் வகுப்பு மட்டுமே இருந்தது. 1979 மே மாதத்தில் 'மணிக்கு ஒன்று, எல்லா வகுப்பினருக்கும்' என்ற பொருளில் புதிய முழக்கம் வந்தது. இந்தத் திட்டத்தின் நுட்பம் வேகத்தில் இல்லை, சந்திப்பில் இருந்தது. மன்ஹைம், கொலோன் போன்ற சில நிலையங்களில் வெவ்வேறு தடவழிகளின் வண்டிகள் ஒரே நேரத்தில், ஒரே மேடையின் இரு பக்கங்களிலும் வந்து நின்றன. பயணி மேடையின் குறுக்கே சில அடிகள் நடந்து எதிர் வண்டியில் ஏறினார். சில நிமிடங்களில் இரண்டும் பிரிந்தன. ஒரு மணி நேரம் கழித்து அதே நிமிடத்தில் அதே காட்சி மீண்டும் நிகழ்ந்தது. இத்தகைய அமைப்பில் கால அட்டவணையைப் பயணி படிக்கவேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது, நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இருபதாம் நூற்றாண்டின் பொதுப்பணிச் சிந்தனை ஈன்ற மிக அழகிய படைப்புகளுள் இது ஒன்று எனலாம்.

விமான நிலையம் இந்தக் கதைக்குள் பக்கவாட்டில் நுழைந்தது. 1972 மார்ச்சில் பிராங்க்ஃபர்ட்டின் புதிய முனையம் திறக்கப்பட்டபோது அதன் அடியிலேயே ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. நகரத்துக்குச் செல்லும் வண்டிகளே அதன் முதன்மை நோக்கம். தொலைதூரத்துக்குச் செல்பவர் பிராங்க்ஃபர்ட் தலைமை நிலையம் சென்று மாறவேண்டியிருந்தது.

இதற்கிடையே 1979இன் மாற்றம் ஒரு வண்டியை வேலையற்றதாக்கியிருந்தது. 1973இல் மூன்று தொகுதிகள் மட்டுமே கட்டப்பட்ட ஈ.டி. 403 என்ற மின்வண்டியின் முகப்பைப் பார்த்து மக்கள் அதை 'டொனால்ட் டக்' என்று அழைத்தனர். முழுதும் முதல் வகுப்பு இருக்கைகள் கொண்டது. எல்லா வகுப்பினருக்கும் என்ற முழக்கம் வந்தபின் இன்டர்சிட்டி அட்டவணையில் அதற்கு இடமில்லை. லுஃப்தான்சா விமான நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. மஞ்சளும் வெள்ளையும் பூசிய அந்த வண்டி 1982 மார்ச் முதல் டுசெல்டார்ஃப், கொலோன், பான் நகரங்களிலிருந்து ரைன் ஆற்றின் கரையோரமாக பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு நாள்தோறும் நான்கு முறை ஓடியது. அதற்கு விமான எண் இருந்தது. விமானப் பணியாளர்களே உணவு பரிமாறினர். விமானச்சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டுமே ஏற முடிந்தது. தண்டவாளத்தின் மேல் ஓடிய விமானம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது. அந்த வண்டியில் வாக்குறுதியை ஏற்றது விமான நிறுவனம். வண்டியும் விமானமும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்ததால், நடுவில் நேரும் தாமதம் பயணியின் தலையில் விழவில்லை. மூப்படைந்த வண்டிகள் பழுதுற, 1993 மேயில் இச்சேவை நின்றது.

அடுத்த ஆண்டு, 1994 ஜனவரி 1 அன்று, கிழக்கு மேற்கு ஜெர்மனிகளின் ரயில்வேக்கள் இணைந்து, அரசுக்கே முழு உடைமையான பங்கு நிறுவனமாக டாய்ச்ச பான் உருவானது. 1999 மேயில் தொலைதூர நிலையம் திறக்கப்பட்டது. கொலோனுக்கும் பிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துக்கான புதிய பாதை 2002 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. ரைன் கரையின் வளைவுகளை விட்டு நெடுஞ்சாலையை ஒட்டி, குன்றுகளின் மேல் செங்குத்தாக ஏறி இறங்கும் இப்பாதையில் விமான நிலையத்திலிருந்து கொலோன் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவானது. கொலோன் தலைமை நிலையத்துக்கும் ஸ்டுட்கார்ட் தலைமை நிலையத்துக்கும் விமான நிலையங்களைப் போலவே மூன்றெழுத்துக் குறியீடுகள் உண்டு. லுஃப்தான்சாவின் சீட்டில் வண்டி இன்றும் ஒரு விமானமாகவே அச்சாகிறது.

புதிய பாதை 2002 டிசம்பர் 15 அன்று வழக்கமான கால அட்டவணைக்குள் முழுமையாக வந்தது. அதே நாளில் இன்னொன்றும் வந்தது: விமான நிறுவனங்களின் விலை முறையைத் தழுவிய புதிய கட்டண அமைப்பு. முன்கூட்டிப் பதிந்தால் மலிவு, குறித்த வண்டியில் மட்டுமே செல்லலாம், மாற்றினால் அபராதம். 1992 முதல் வழக்கிலிருந்த, எப்போது வேண்டுமானாலும் பாதிக் கட்டணத்தில் ஏறவைத்த அட்டை ஒழிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர், 2003 ஆகஸ்டில் அந்த அட்டை திரும்ப வந்தது. பயணிகள் பிரிவின் பொறுப்பிலிருந்த கிறிஸ்டோஃப் பிரான்ட்ஸ் அவ்வாண்டே விலகினார். அவர் லுஃப்தான்சாவிலிருந்து ரயில்வேக்கு வந்தவர் என்பதும், 2011இல் அதே லுஃப்தான்சாவின் தலைவரானார் என்பதும் கவனிக்கத்தக்கவை. ஆயினும் வண்டியோடு பிணைந்த மலிவுச்சீட்டு நிலைத்துவிட்டது. மணிக்கு ஒரு வண்டி என்னும் அமைப்பின் உயிரே 'இது போனால் அடுத்தது' என்ற சுதந்திரம்தான். அந்தச் சுதந்திரத்தையே தனியாக விலைபேசத் தொடங்கியதை வெறும் கட்டண மாற்றமாகக் கருத இயலாது.

இன்றைய பயணியின் நிலை இந்த அடுக்குகளின் மேல் அமைந்ததே. 2024இல் தொலைதூர வண்டிகளில் 62.5 விழுக்காடு மட்டுமே 'நேரத்துக்கு' வந்தன. 6 நிமிடத்துக்கும் குறைவான தாமதம் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். பல்லாண்டுகள் புறக்கணிக்கப்பட்ட பாதைகளைச் சீரமைக்க முற்பட்டதால் பிராங்க்ஃபர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் இடையிலான முதன்மைப் பாதையே 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை மூடப்பட்டது. மேடையின் குறுக்கே சில அடிகள் என்ற அமைப்பு, தாமதமற்ற வண்டிகளை நம்பி வரையப்பட்டது. வண்டிகள் தாமதித்தால் அதன் நேர்த்தியே அதற்கு எதிராகிறது.

பொறுப்பைப் பற்றிய சட்டமும் சீட்டுக்குச் சீட்டு மாறுகிறது. ஒரே சீட்டில் பல வண்டிகள் மாறிச் செல்பவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் காப்பளிக்கின்றன: சேருமிடத்தை 60 நிமிடம் தாமதமாக அடைந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடமானால் 50 விழுக்காடும் திரும்பப் பெறலாம். சேருமிடத்தில் 20 நிமிடத் தாமதம் எதிர்பார்க்கப்பட்டாலே மலிவுச்சீட்டின் வண்டிப் பிணைப்பு நீங்கிவிடுகிறது. ஆனால் விமானம் தாமதமாகி, தனியே வாங்கிய மலிவுச்சீட்டின் வண்டி போய்விட்டால் ரயில்வேக்குப் பொறுப்பில்லை. எதிர்த்திசையில், வண்டி தாமதித்து விமானம் தவறினாலும் பொதுவாக அதே நிலைதான். சுற்றுலா நிறுவனம் தன் தொகுப்பின் பகுதியாகவே ரயில் பயணத்தை அளித்திருந்தால் வண்டியின் தாமதத்துக்கும் அந்நிறுவனமே பொறுப்பு என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2010 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 1982இல் மஞ்சள் வண்டி செய்ததை 2010இல் நீதிமன்றத்தில் வாதாடிப் பெறவேண்டியிருந்தது.

இச்சூழலில் விமான நிலையத்திலிருந்து தொடங்கும் பயணத்துக்கு மூன்று வழிகள் உள்ளன. விமானச்சீட்டோடு சேர்ந்த ரயில் சீட்டை வாங்கலாம். கூடுதல் விலை கொடுத்து, எந்த வண்டியிலும் ஏறக்கூடிய சீட்டை எடுக்கலாம். மூன்றாவது 2023 மே முதல் கிடைக்கும் 'டாய்ச்லாந்து டிக்கெட்'. மாதம் 49 யூரோவாகத் தொடங்கி 2025இல் 58 ஆகவும் 2026இல் 63 ஆகவும் உயர்ந்த இந்தச் சந்தாவில் நாடெங்கும் வட்டார வண்டிகளில் செல்லலாம். தொலைதூர விரைவு வண்டிகளில் ஏற முடியாது. இதை வைத்திருப்பவர் நடைபாலத்தைக் கடக்கவேண்டியதில்லை. அவருக்குரியது முனையத்தின் அடியிலிருக்கும் 1972ஆம் ஆண்டின் நிலையம்.

தடிமனான அச்சுக் கால அட்டவணை 2008இல் நின்றுபோனது. அதன் இடத்தில் வந்திருக்கும் செயலியில் வண்டி மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் 'இயல்பானது' என்பதை மாற்றி 30 என்றோ 45 என்றோ பயணி தாமே இட்டுக்கொள்கிறார்.