ஊர் காண்டலும் உணவு கொள்ளலும்

புதிய ஊரொன்றுக்குச் சென்ற ஒருவர் அவ்வூரைக் கண்டுவிட்டார் என்று எப்பொழுது கூறலாம்? கோட்டையையும் கோயிலையும் பார்த்து, அவை எழுந்த ஆண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பியவர் ஊரைக் கண்டவர் ஆவாரா? அன்றி, அவ்வூர் மக்கள் உண்பதை அவர்களோடு அமர்ந்து உண்டவரே ஊரைக் கண்டவர் ஆவாரா? இவ்விரண்டினையும் ஒருங்கே இணைத்து, வழிகாட்டி ஒருவரின் துணையோடு நகரைச் சுற்றிக் காண்பதும் இடையிடையே அந்நகருக்கே உரிய உணவை உண்பதுமாகிய பயணமுறை இன்று மேனாடுகளிலே பெருகி வருகின்றது. இம்முறையைப் புதுமை என்று பலர் கருதுவர். தமிழ் இலக்கிய வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருதார்.

முதலில் மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை நோக்குவோம். ஒஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவிலே புனித இஸ்தேவான் பேராலயமும், ஹப்ஸ்பேர்க் மன்னர்களின் ஹொப்பேர்க் அரண்மனையும் காண்போரைக் கவர்வன. அங்கே வழிகாட்டித் தொழில் செய்ய விரும்புவோர் தேர்வெழுதித் தகுதி பெறல் வேண்டும். அத்தகைய வழிகாட்டி, அரண்மனையைக் காட்டிய பின்னர்ப் பயணிகளை ஓர் உணவுச்சாலைக்கு அழைத்துச் செல்வாராயின், வரலாற்றுப் பாடம் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறாகும். பாடத்தின் இரண்டாம் பகுதி அங்கேதான் தொடங்குகின்றது.

வியன்னா மக்கள் விரும்பி உண்ணும் குலாஷ் என்னும் இறைச்சிக் குழம்பு ஹங்கேரி நாட்டிலிருந்து வந்தது. மாவுருண்டைப் பண்டங்கள் பல பொஹீமியாவிலிருந்து வந்தவை. மெல்லிய மாத்தகட்டிலே அப்பிள் பழத்தைச் சுருட்டிச் சுடும் ஸ்ட்ரூடல் என்னும் பண்டத்தின் இனத்துக்கு 1696ஆம் ஆண்டைச் சேர்ந்த கையெழுத்துச் சமையற் குறிப்பொன்று வியன்னாவிலே பேணப்படுகின்றது. துருக்கியர் அந்நகரை முற்றுகையிட்டது 1683இல். இரண்டாண்டு கழித்து, 1685இல், ஆர்மேனியரான யோகன்னஸ் தியோதாத்தோ என்பார் அங்கே கோப்பி விற்க உரிமை பெற்றார். 1784இல் இரண்டாம் யோசேப்பு மன்னர் பிறப்பித்த ஆணையினால், திராட்சை பயிரிடும் குடியானவர் தம் விளைச்சலில் இறக்கிய மதுவைத் தம் மனையிலேயே விற்கும் உரிமை பெற்றனர். இன்றும் அத்தகைய மனைகளின் வாயிலிலே பசுங்கிளை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பர். ‘உள்ளே வருக’ என்பதற்கு அதுவே அடையாளம். ஹப்ஸ்பேர்க் பேரரசு 1918இல் மறைந்தது. ஆயினும் அப்பேரரசின் எல்லைகள் எவ்வெந்நாடுகளைத் தழுவிக் கிடந்தன என்பதை வியன்னாவின் உணவு மேசை இன்றும் எடுத்துரைக்கின்றது.

இனி, தமிழகத்துக்கு வருவோம். பத்துப்பாட்டு என்னும் சங்கத் தொகையிலே பாதி ஆற்றுப்படை நூல்களாகும். ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனை நோக்கி, ‘இன்ன வழியாற் செல்க, இன்ன ஊரைக் காண்பாய், அங்கே இன்ன உணவு பெறுவாய்’ என்று எடுத்துரைப்பதே அந்நூல்களின் அமைப்பு. வழியும், ஊரின் காட்சியும், உண்ணும் உணவும் ஒரே கூற்றில் அமைந்த வழிகாட்டி நூல்கள் இவை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியபோது, இப்பழைய பயணவழிகளும் தமிழுலகுக்கு மீண்டும் கிடைத்தன.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணன் முதலில் கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தை அடைகின்றான். அங்கே நுளையர் சுட்ட குழல்மீன் கிடைக்கின்றது. அடுத்து வேலூர். அங்கே எயிற்றியர் புளி சேர்த்துச் சமைத்த சூடான சோற்றை ஆமான் இறைச்சியோடு அளிக்கின்றனர். அதன்பின் வயல் சூழ்ந்த ஆமூர். உழவர் மனையிலே குற்றியெடுத்த வெள்ளரிசிச் சோறும் நண்டுக்கறியும் கிடைக்கின்றன. நிலம் மாறுந்தோறும் உணவும் மாறுவதைக் காண்க. கடற்கரை மீனைத் தருகின்றது. காடு இறைச்சியைத் தருகின்றது. வயல் சோற்றையும் நண்டையும் தருகின்றது. நாட்டின் இயல்பைப் பாணன் கண்ணால் மட்டுமன்றி நாவினாலும் அறிகின்றான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை இன்னும் விரிந்தது. காஞ்சி நகருக்குச் செல்லும் வழியிலே ஆயர் பாலோடு தினைச்சோறு தருகின்றனர். முல்லை நிலத்து உழவர் வரகுச் சோற்றையும் அவரைப் பருப்பையும் தருகின்றனர். மருத நிலத்து மனைகளிலே வெண்சோறும் கோழிப் பொரியலும் உண்டு. அந்தணர் மனையிலோ, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வேகவைத்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் உண்டு. காட்சிகளுக்கும் குறைவில்லை. நீர்ப்பெயற்றுத் துறையிலே ஏணி சாத்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவிலே எரியும் விளக்கு, கடலில் வரும் மரக்கலங்களுக்குத் துறையைக் காட்டுகின்றது. அதற்கப்பால் திருவெஃகாவும் காஞ்சியின் பெருந்தெருக்களும் வருணிக்கப்படுகின்றன.

இவ்வழிகாட்டி ஏன் உணவைப் பற்றி இத்துணை விரிவாகப் பேசுகின்றான்? சிறுபாணாற்றுப்படையே அதற்கு விடை தருகின்றது. பரிசில் பெறுவதற்கு முன் அவன் வீட்டு அடுக்களையிலே, கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் படுத்துக் கிடந்தது. அடுப்பில் ஏற்ற யாதுமில்லை. குப்பைமேட்டிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ட மனை அது. அத்தகைய பசியை அறிந்தவனே ‘இவ்வழியிற் சென்றால் உண்பாய்’ என்று கூறுகின்றான். அவன் கூலிக்கு வழி சொல்பவன் அல்லன். தான் நடந்த வழியை, தான் உண்ட உணவை, தன்னைப் போன்ற ஒருவனுக்குச் சொல்பவன். வழியின் முடிவிலே நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டு, தானே அருகில் நின்று உண்பிக்கின்றான். நடந்து அறிந்த வழிகாட்டியும், உடனிருந்து உண்பிக்கும் விருந்தோம்புவோனும் இந்த மரபின் இரு தூண்கள் எனலாம்.

இம்மரபு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியிலே சத்திரங்களை அமைத்தனர். இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்திலே, அச்சத்திரங்களில் எல்லா வகுப்பினருக்கும் உணவளிக்கப்படுவதையும், நள்ளிரவிலே மணியடித்து, இன்னும் உண்ணாத வழிப்போக்கர் உளராயின் வருமாறு அழைக்கப்படுவதையும் குறிப்பிட்டுள்ளார். ஈழத்திலே இம்மரபு உயிரோடு விளங்கும் இடம் கிழக்குக் கரையில் அமைந்த கதிர்காம வழியாகும். வடக்கிலிருந்து கால்நடையாக வரும் அடியார் வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், உகந்தை எனத் தலந்தொறும் வணங்கி, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர்வர். வழியிலுள்ள ஊரவர் தண்ணீர்ப்பந்தல் இட்டு மோர் வார்த்தும் அன்னமிட்டும் அனுப்புவர். அந்த யாத்திரையிலே ஊர் காண்டலும் உணவு கொள்ளலும் பிரிக்க முடியாதவை.

இவ்வழியோரத்திலே, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலத்தில் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலால் அறியப்படுவது. தேற்றா மரங்கள் நிறைந்திருந்தமையால் இப்பெயர் வந்தது என்று ஊரார் கூறுவர். தேற்றாங்கொட்டையை மட்கலத்தின் உட்புறத்திலே தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், விதையிலுள்ள பொருள் நீரிலுள்ள துகள்களைத் திரளச் செய்து அடியிலே படியவைக்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். வழிநடந்து வருவோனுக்கு முதலில் வேண்டுவது தெளிந்த நீரன்றோ? அவ்வகையில், விருந்தோம்பலின் முதற்பொருளைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் என்று இதனைச் சொல்லுதல் பொருந்தும்.

காண்டலும் உண்டலும் பிரிந்தது எப்பொழுது? 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கடற்றலைவன் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, அங்கிருந்து கண்டி மன்னனைக் காணச் சென்றான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலே அதிகாரிகளும் பயணிகளும் தங்குவதற்கு நாடெங்கும் வாடி வீடுகள் பெருகின. எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே ஆங்கில முறையிலான உணவு மேசைக்கு வரும். இங்கிலாந்திலே தோமஸ் குக் என்பார் 1841இல் லெஸ்டரிலிருந்து லொபரோவுக்குப் புகைவண்டியில் ஒரு கூட்டத்தை அழைத்துச் சென்று தொடங்கிய கூட்டுப்பயண முறையும் காலப்போக்கில் உலகெங்கும் பரவியது. பயணம் எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால், எயிற்பட்டினத்திலும் ஆமூரிலும் ஒரே உணவு கிடைக்குமாயின், பாணன் அவ்விரண்டு ஊர்களையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவான்?

மட்டக்களப்புக்கு இவ்வினா இன்று நேரடியாக உரியது. 1983இல் மூண்ட போர் 2009 வரை நீண்டது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தது. போர் முடிந்தபின் பாசிக்குடாக் கடற்கரையிலே உல்லாசப் பயண விடுதிகள் எழுந்தன. பயணிகள் வருகின்றனர். அவர்கள் கடலிலே நீராடி, கோட்டையைப் படம்பிடித்து, விடுதியிலேயே உண்டு திரும்புவராயின், மட்டக்களப்பு அவர்களுக்கு ஒரு காட்சியாக மட்டுமே நின்றுவிடும். அவர்கள் தரும் பணமும் அடுப்படியில் உழைக்கும் கைகளைச் சென்றடையாது.

அவ்வாறன்றி, நல்ல வழிகாட்டி ஒருவர் இன்று ஓர் ஆற்றுப்படை சொல்வாராயின் அது எவ்வாறு அமையும்? புளியந்தீவுக் கோட்டையிலே தொடங்குக. வாவி நீரைக் கோட்டை மதிலிலிருந்து கண்ட கண்ணோடு, அவ்வாவியிலே பிடித்த இறாலையும் நண்டையும் சோற்றோடு உண்க. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது பாடும் மீன்களின் கதையைக் கேட்க. அங்கே, காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் சமாதியைக் கண்டு வணங்குக. ஆற்றுப்படைப் பாணர் கையிலிருந்த சீறியாழும் பேரியாழும் எவ்வாறு அமைந்தன என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தவர் அவரே. அப்பால் காத்தான்குடி. முஸ்லிம் மக்கள் ஒரே தாலத்தைச் சூழ்ந்து பலர் அமர்ந்து உண்ணும் சகன் சாப்பாட்டின் ஒற்றுமையையும், வட்டிலப்பத்தின் இனிமையையும் அங்கே அறிக. ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம் கடந்து தேற்றாத்தீவை அடைக. அரிசிமாப் பிட்டும், மட்கலத்தில் உறைந்த எருமைத்தயிரும், வைகாசிச் சடங்குக் காலமாயின் கண்ணகையம்மன் கோயிற் புக்கையும், விருந்தினரை மதிக்கும் வெற்றிலை வட்டாவும் இந்நாட்டின் வரலாற்று ஏடுகளே. எருமைத்தயிர் மேய்ச்சல் நிலத்தின் கதையைச் சொல்லும். புக்கை வயலின் கதையைச் சொல்லும்.

இதற்கு எதிராக ஒரு கருத்து எழலாம். சங்க காலத்து உழவன் விலை பெற்றுச் சோறிடவில்லை. விருந்தைப் பணத்துக்கு விற்றல் தகுமா என்பர் சிலர். கோயிற் பிரசாதமும் யாத்திரிகர்க்கு இடும் அன்னமும் ஒருபோதும் விற்கத்தக்கன அல்ல. அந்த எல்லையை ஊரவர் உறுதியாகக் காத்தல் வேண்டும். ஆயினும் பிட்டவித்தும் தயிர் உறைய வைத்தும் உழைக்கும் தாய்மார் தம் உழைப்புக்கு ஊதியம் பெறுதல் இழிவன்று. வியன்னாக் குடியானவர் 1784இல் பெற்ற உரிமையும் அத்தகையதே. தம் மனையிலே, தம் விளைபொருளை, தம் கையாலேயே விற்றனர். இடையில் நிற்போர் ஊரின் உணவை விடுதி மேசைக்கு ஏற்ப உருமாற்றி விற்பதே அஞ்சத்தக்கது. அப்பொழுது உணவின் பெயர் மட்டும் எஞ்சும். அதனைச் சமைக்கும் அறிவு வீடுகளிலிருந்து மறையும்.

ஆகவே, ஊர் காட்டும் பணியை மேற்கொள்ள விரும்பும் இளைஞர் கோட்டையின் ஆண்டுகளை மட்டும் மனனம் செய்தல் போதாது. தம் பாட்டிமாரின் அடுக்களையிலே அமர்ந்து, எந்தப் பண்டம் எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், யார் கையால் ஆனது என்று கேட்டு அறிதல் வேண்டும். அவ்வழியைத் தாமே நடந்தும் அவ்வுணவைத் தாமே உண்டும் அறிந்தபின்பே, பழைய பாணனைப் போல எதிர்வரும் ஒருவரை நோக்கி, ‘இவ்வழியாற் செல்க’ என்று கூறும் தகுதி அவர்களுக்கு உண்டாகும்.