வின்செஸ்டர் 1894

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடையே பெரிதும் புழங்கிய நெம்புகோல் ரைஃபிள். விசையைச் சூழ்ந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா ஏறும். இம்முறை 1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைஃபிளிலேயே இருந்தது. யூட்டா மாநிலம் ஆக்டனைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் 1894 மாதிரியை வடிவமைத்தார். கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் வின்செஸ்டர் நிறுவனம் தயாரித்தது. 1895இல் நிக்கல் எஃகுக் குழலும் புகையற்ற மருந்திட்ட .30-30 தோட்டாவும் சேர்ந்தபின் புகழ் பரவியது. தோட்டாக்கள் அடிக்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் குண்டுகள் தட்டைமுனையுடன் செய்யப்பட்டன; கூர்முனை முன்தோட்டாவின் பிரைமரை இடித்து வெடிக்கச் செய்துவிடலாம்.

தொடக்க ஆண்டுகளைப் பற்றித்தான் மிகுதியாகத் தெரிகிறது. வயோமிங் மாநிலம் கோடி நகரத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வரிசை எண் 1 முதல் 3,53,999 வரையிலான ஆலைப் பேரேடுகள் உள்ளன. குழல் எண்கோணமா உருளையா, எந்தத் தோட்டாவுக்கானது, கிடங்குக்கு வந்த நாள் எது, அனுப்பிய நாள் எது என்பவை கையெழுத்தில் பதிவாகியுள்ளன. பழுதுபார்க்கத் திரும்பி வந்து மறுபடி போன துப்பாக்கிகளும் அவற்றில் இடம்பெறுகின்றன. பேரேட்டுச் செய்தியைக் கடிதமாகப் பெற்று வைத்திருப்பது சேகரிப்போர் வழக்கம்.

ஜார்ஜ் மேடிஸ் வின்செஸ்டர் துப்பாக்கிகளைப் பற்றிய தம் நூலில் தந்த ஆண்டுவாரி வரிசை எண்கள் இப்பேரேடுகளோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. இது வெறும் ஏட்டு வாதமன்று. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை பழம்பொருள்கள். அவற்றின் விற்பனைக்குக் கட்டுப்பாடு குறைவு. எல்லையை ஒட்டிய எண்ணுள்ள துப்பாக்கிக்கு எந்தப் பட்டியலைக் கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

10 இலட்சமாவது துப்பாக்கி 1927இல் அதிபர் கூலிட்ஜுக்கும், 20 இலட்சமாவது 1953இல் ஐசனோவருக்கும் பரிசளிக்கப்பட்டன.

1964இல் செலவைக் குறைக்க அமைப்பு மாற்றப்பட்டது. தகட்டில் அடித்த உறுப்புகள் புகுந்தன. உடலின் உலோகமும் மாறியதால் நீலப்பூச்சு மறுபடி எளிதில் ஏறாது. ‘64க்கு முந்தையது’ என்ற பிரிவு அன்று தொடங்கியது. பின்னர் நினைவுப் பதிப்புகள் ஏராளமாக வெளிவந்தன. வாங்கியோர் எதிர்பார்த்த விலையேற்றம் பெரும்பாலும் கிட்டவில்லை.

வாங்குவோர் முதலில் பார்ப்பது திருகுகளின் வெட்டுகளை: சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். நடுவில் பற்றிச் சுமப்பதால் அவ்விடத்தில் நீலம் தேய்ந்து எஃகு வெளுத்திருக்கும். இந்தத் தேய்மானம் பெருங்குறையாகக் கருதப்படுவதில்லை. மறுபூச்சுதான் விலையைச் சரிக்கிறது. பல ஆண்டுகள் ஒரே கை பட்டு வெளுத்த அந்த இடம், எப்பூச்சும் தர இயலாத அழகுடையது.

நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது. 2010 முதல் இம்மாதிரி ஜப்பானின் மிரோக்கு ஆலையில் தயாராகிறது.