லாட்ச்மியர் வட்டத்தின் தீர்ப்பு

இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ளது பாட்டர்சீ. அதன் லாட்ச்மியர் பகுதியில் நகரமன்றம் தன் சொந்தப் பணியாளரைக் கொண்டே தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைக் கட்டி, 1903-இல் திறந்தது. அந்த வட்டத்தார் 1906-இல் மன்றத்துக்கு அனுப்பியவர் ஜான் ஆர்ச்சர். அவர் கறுப்பர், லிவர்பூலில் பிறந்த புகைப்படக் கலைஞர், தந்தையார் பார்படோஸ் தீவினர். 1909-இல் தோற்றார், 1912-இல் மீண்டும் வென்றார். முதல் வெற்றியினும் இம்மீட்சியே பெரிதென்பேன். ஒருமுறை தேர்ந்தது ஆர்வத்தால் இருக்கலாம். அவர் பணியைக் கண்டபின் மறுபடி தேர்ந்தது அறிந்து செய்த செயலன்றோ?

மாணவர்களே, அங்கு மேயரைத் தேர்ந்தவர் மக்களல்லர், மன்றத்தாரே. 1913 நவம்பரில் ஒரே வாக்கு மிகுதியால் ஆர்ச்சர் மேயரானார். பின்னர், 1922-இல் வட பாட்டர்சீ நாடாளுமன்றத் தேர்தலில் பம்பாயில் பிறந்த சக்லத்வாலாவுக்குத் தேர்தல் முகவராக நின்றவரும் அவரே. சக்லத்வாலா வென்றார்; 1923-இல் தோற்றார்; 1924-இல் மீண்டும் வென்றார்.