உதுமானியச் சுங்கான்: மறைந்துபோன மரக்கோலின் வரலாறு

உதுமானியர் ஆண்ட நகரங்களில் அகழாய்வு செய்வோர் மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்கச் சுட்ட களிமண்ணாலான சிறு புகைக்கிண்ணங்களைத் துணைகொள்வது வழக்கம். 'லூலே' எனப்பட்ட அக்கிண்ணங்கள் உடைந்தும் உடையாமலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தாங்கிய மரக்கோல்கள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. இதனால் உதுமானியச் சுங்கானின் வரலாறு பெரிதும் குயவரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் துருக்கியர் அக்கருவிக்கு இட்ட பெயர் 'சுபுக்'. கோல், குச்சி என்பதே அச்சொல்லின் பொருள். பெயர் மரத்தொழிலாளியின் பக்கம் நிற்கிறது.

கி.பி. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகையிலை இஸ்தான்பூலை அடைந்தது. 1633இல் அந்நகரைப் பெருந்தீ அழித்தபின், சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடைசெய்தார்; காப்பிக் கடைகளையும் மூடினார். தடையை மீறியோர் பலர் உயிரிழந்தனர். அக்காலத்தில் வாழ்ந்த பேரறிஞர் காத்திப் செலபி, 1656இல் இயற்றிய 'மீஸானுல் ஹக்' நூலில் இதனை விவரிக்கிறார். படைவீரர் சிலர் குட்டையான சுங்கான்களைச் சட்டைக் கைக்குள் ஒளித்துவைத்து, தண்டனை நிறைவேறிய வேளையிலேயே புகைக்க வழி தேடினர் என்கிறார். நூற்றாண்டின் நடுவில் ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எஃபந்தி புகையிலை ஆகுமானதே என்று ஃபத்வா வழங்கினார். பின்னர் திமிஷ்கைச் சேர்ந்த அப்துல் கனீ நாபுலுசீயும் அதனை ஆதரித்துத் தனி நூல் எழுதினார். எதிர்த்த உலமாக்களும் ஓய்ந்துவிடவில்லை.

அச்ச காலத்தில் சட்டைக் கைக்குள் அடங்கிய கோல், 19ஆம் நூற்றாண்டில் நான்கு ஐந்து அடி நீளத்தை எட்டியிருந்தது. அத்தனை நீளமான பொருளை மறைக்க இயலாது. மறைக்கத் தேவையற்ற நிலை வந்தபின்னரே சுபுக் ஒரு கைவினையாக மலர முடிந்தது என்பது என் கருத்து.

கோலுக்குச் செர்ரி, மல்லிகை ஆகியவற்றின் நேரான கிளைகளை விரும்பித் தேர்ந்தனர். நான்கடிக் கோலின் நடுவே, இரு முனைகளையும் இணைக்கும் ஒரே நேர்த்துளை இடுவதே இத்தொழிலின் கடினமான பகுதி. துரப்பணம் மரத்தின் நாரோட்டத்தைப் பின்பற்றி விலகிச் செல்லும் இயல்புடையது. சற்றே விலகினாலும் ஒருபுறம் சுவர் மெலிந்து கோல் பாழாகும். துளையின் உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் புகைக்கசடு தங்கி விரைவில் அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத உட்புறத்தில்தான் கைத்திறன் தங்கியிருந்தது. செர்ரிக் கோலின் புறத்தே பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. செந்நிறப் பட்டையை நீக்காமல் மெருகேற்றினாலே போதும். அதன் பளபளப்பே அணியாகிவிடும்.

கெய்ரோவில் வழக்கம் வேறு. எட்வர்ட் லேன் 1836இல் வெளியிட்ட நூலில், அங்கே கோலின் பெரும்பகுதியைப் பட்டால் போர்த்திப் பொற்சரிகையால் கட்டினர் என்று எழுதுகிறார். பட்டை நீரால் நனைத்தால், அது உலரும்போது கோலும் உள்ளே செல்லும் புகையும் குளிரும். தொடக்க நோக்கம் அதுதான். ஆனால் லேனின் காலத்தில் பழைய, அழகற்ற சுங்கான்களையே நனைத்தனராம். அழகியவற்றை நனைக்க மனம் வரவில்லை போலும்! பட்டுப் போர்த்தாத செர்ரிக் கோலைக் குளிர்காலத்தில் மிகுதியாகப் பயன்படுத்தினர். நீண்ட கம்பியில் சணல் நாரைச் சுற்றித் துளையைத் துப்புரவு செய்துகொடுத்தே கெய்ரோவின் ஏழைகள் பலர் பிழைத்தனர் என்பதையும் அவர் பதிவுசெய்கிறார்.

கோலின் வாய்ப்பகுதிக்குக் 'கஹ்ருபா' என்னும் புதைபிசினைக் கடைந்து பொருத்தினர். பால்டிக் கடலோரத்திலிருந்து வந்த இப்பொருளை, அத்தரோடு சேர்த்து நாம் பேசும் அம்பருடன் குழப்பிக்கொள்ளலாகாது. செல்வரின் சுங்கானில் இவ்வாய்த்துண்டே அதிக விலை பெற்றது. துருக்கியர் இதனை 'இமாமே' என்றழைத்தனர். தலைப்பாகையைக் குறிக்கும் அச்சொல்லே தஸ்பீஹின் தலைமணிக்கும் உரியது.

புகையிலையின் கேடுகள் ஐயமற நிறுவப்பட்டுவிட்ட இக்காலத்தில், இன்றைய மார்க்க அறிஞர் பலர் அதனை ஹராம் என்றே தீர்ப்பளிக்கின்றனர். பஹாயீ எஃபந்தியின் ஃபத்வாவை இன்று எவரேனும் துணைக்கழைப்பது பொருந்தாது. அதற்காகக் கோல் கடைந்த கைகளை நம் கலை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவதும் முறையாகாது. வாங்கியவரின் பழக்கத்திற்குரிய தீர்ப்பைக் கைவினையின் நேர்த்திக்கு அளவுகோலாக்கினால், அரண்மனை மதுக்கிண்ணங்கள் முதற்கொண்டு பலவற்றை நாம் பேசவே முடியாது.

சுபுக்கை வீழ்த்தியது தடையாணையோ ஃபத்வாவோ அன்று. 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போரையொட்டிய காலத்தில் பரவத் தொடங்கிய சிகரெட்டே அதனை வீழ்த்தியது. சுபுக்கிற்கு ஓய்வும், அமர இடமும், செல்வர் இல்லங்களில் அதனை நிரப்பித் தர ஒரு பணியாளும் வேண்டியிருந்தன. சிகரெட்டுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. கோல் கடையும் தொழில் மங்கியது. கஹ்ருபா கடைதல் மட்டும் தஸ்பீஹ் மணிகளின் துணையால் நிலைத்தது. 'இமாமே' என்றால் இன்றைய துருக்கியர் பெரும்பாலும் தஸ்பீஹின் தலைமணியையே நினைக்கின்றனர்.