வீரமாமுனிவர் என்னும் மொழியாசிரியர்

தேம்பாவணி பாடிய புலவராக வீரமாமுனிவரை நாமெல்லாரும் அறிவோம். ஆனால், பிற நாட்டாருக்குத் தமிழ் கற்பித்த நல்லாசிரியராக அவரை நினைப்போர் சிலரே.

1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு பெஸ்கி, முதலில் தாமே மாணவராயிருந்து தமிழ் பயின்றார். நம் நாட்டுத் துறவியரைப்போல் காவியுடுத்து, புலால் நீக்கி வாழ்ந்தார். ஒரு மக்களின் வாழ்வை மதியாதவர் அவர்கள் மொழியின் உள்ளத்தை அறிய முடியுமோ?

மதுரை மிஷனுக்கு வந்த குருக்கள் போர்த்துக்கல், இத்தாலி எனப் பல நாட்டினர், தாய்மொழியும் பல. எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்தது இலத்தீன். ஆகவே 1728-இல், மக்கள் பேசும் தமிழுக்குரிய இலக்கணத்தை அவர் இலத்தீனிலேயே எழுதினார். அதுவே கொடுந்தமிழ் இலக்கணம். தமிழ் மாணாக்கருக்கோ, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் நம் மரபுப்படி சூத்திரங்களாக்கித் ‘தொன்னூல் விளக்கம்’ தந்தார். மொழி ஒன்றே, மாணவர் வேறு, ஆகையால் நூலும் வேறு!

அக்காலத்தில் குறில் எகரத்துக்குப் புள்ளியிட்டே நெடிலினின்று வேறுபடுத்துவர். ஓலையில் எழுதுவோர் அப்புள்ளியை விட்டுவிடுவர். ‘எரி’யா, ‘ஏரி’யா என்பது தமிழருக்கு இடம்நோக்கி விளங்கும், புதிதாய்ப் படிப்பவர் திகைப்பார். முனிவர் மாணவரை மந்தரென்று கடியவில்லை, எழுத்தையே சீர்செய்தார். இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவங்கள் அவர் தந்தவை.

வறண்ட இலக்கணத்தால் மட்டும் மொழி வருமா? ஆகவே, சிரித்துக்கொண்டே படிக்கப் பரமார்த்த குருவின் கதையை எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார்.

அவரது கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள், அவரோடு சமய வாதம் புரிந்த லுத்தரன் சபையார்! நல்லாசிரியரின் பணி மாற்றாருக்கும் பயன்பட்டது.

அன்பார்ந்த பங்கு மக்களே, இன்று வேலை தேடி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வருவோரின் பிள்ளைகள் தமிழகப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கின்றனர். அப்பிள்ளையின் நாவில் ழகரம் இடறும்போது நாம் நகைக்கின்றோமா? அல்லது, அதன் வீட்டில் பேசும் மொழியில் இரண்டு சொல்லேனும் கேட்டறிகின்றோமா? அந்நியராய் வந்து நமக்கு ஆசானான முனிவருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன், நம்மிடம் வரும் அந்நியருக்கு அன்புள்ள ஆசானாய் இருப்பதேயாம்.