இடாப்பில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டபோது அதை இலகுவான வேலை என்றே நினைத்தோம். எஞ்சியிருக்கும் சேர்விடாப்புகளைப் பார்த்து எழுதினால் போதும் என்பது எமது எண்ணம். பட்டியலின் முதற் பக்கத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டதும் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும் ஒரே கேள்விதான் வந்தது: "இது ஆர்?" மூன்று வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவளையே முழுப்பெயரில் பார்த்தபோது எவருக்கும் தெரியவில்லை. "அது எங்கட கிளியடி" என்று ஒருத்தி எழுதிய பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது.

அன்றிலிருந்து இரண்டு பட்டியல் எழுதத் தொடங்கினோம். ஒன்று இடாப்பில் உள்ள பெயர். மற்றது வாயால் கூப்பிட்ட பெயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வன்னிப் பெண்களின் நூறு வருட வரலாற்றில் ஒரு பகுதி அதில் இருப்பதைக் கண்டோம். அதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறோம்.

எமது பாட்டிமார் காலத்துப் பெயர்கள் பெரும்பாலும் முன்னோரிடமிருந்தும் கோயிலிலிருந்தும் வந்தவை. வள்ளியம்மை, தெய்வானைப்பிள்ளை, அன்னப்பிள்ளை, சிவக்கொழுந்து, பொன்னம்மா, செல்லம்மா என்று அவை போகும். பாட்டன் பாட்டி பெயரைத் தாங்குவதால்தான் பிள்ளையின் பிள்ளைக்குப் 'பெயரன்', 'பெயர்த்தி' என்ற சொற்களே பிறந்தன என்பர். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. மாமியின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அக்கால மரியாதை. மாமியின் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டால், பெற்ற பிள்ளையைத் தாய் எப்படிக் கூப்பிடுவாள்? ஆகவே வீட்டுக்கு இன்னொரு பெயர் வேண்டியிருந்தது. சின்னாச்சி, இராசாத்தி, தங்கச்சி, குட்டி என்ற செல்லப்பெயர்கள் அன்பினால் மட்டும் வந்தவை அல்ல, மரியாதையினாலும் வந்தவை.

நேர்த்திக்கடனும் பெயராகியது. புதூர் நாகதம்பிரானிடம் வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு நாகம்மா, நாகேஸ்வரி, நாகரத்தினம் என்று வைத்தார்கள். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரின் தலத்தை வேகாவனம் என்று சொல்வதால் ஆண்பிள்ளைகளுக்கு அப்பெயர் வந்தது; அது எம்மவர் பலருக்குத் தகப்பன் பெயராக முதலெழுத்தில் நிற்கிறது. கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சந்தியாப்பிள்ளை, சூசைப்பிள்ளை, சவிரிமுத்து ஆகியோரின் பிள்ளைகள் திரேசம்மாவாகவும் மரியம்மாவாகவும் வந்தார்கள். போர்த்துக்கேயரின் சந்தியாகுவும் ஜோசேயும் எமது நாவில் புழங்கித் தமிழான கதை அது. பாத்தும்மா, கதீஜா என்ற பெயர்களும் எமது பழைய இடாப்புகளில் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபின் அவை தொடரவில்லை. அந்தப் பக்கத்தைக் கடக்கும்போது எமக்கு வெட்கமாகவே இருந்தது.

குப்பாச்சி, பிச்சையம்மா போன்ற பெயர்களைக் கண்டு இளையவர்கள் சிரித்தார்கள். அதன் காரணம் சிரிப்புக்குரியது அல்ல. முன்னே பிறந்தவை தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையை எமன் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தார்கள்; தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள்; யாருக்கும் வேண்டாத பொருள் போல ஒரு பெயரும் வைத்தார்கள். மலேரியா காடெங்கும் இருந்த காலத்து வன்னியில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. உள்ளே இருந்தது ஆசை. வெளியே இருந்ததுதான் வெறுப்பு.

இதற்கு நேர்மாறான பெயர்களும் உலகில் உண்டு. தமிழ்நாட்டின் சில கிராமங்களில் பெண்பிள்ளைகள் தொடர்ந்து பிறந்தால் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தார்கள். மகாராட்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் நகுசா என்ற பெயரைச் சுமந்த 280 க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 2011 ஒக்ரோபரில் அரச விழாவொன்றிலேயே புதுப்பெயர் சூட்டப்பட்டது. அங்கே வெறுப்பு உள்ளேயே இருந்தது. பெயரை மட்டும் பார்த்துப் பெற்றவர் மனதைச் சொல்ல முடியாது என்பதற்கு இது சான்று.

பெயரில் சாதியும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 'அம்மா', 'பிள்ளை' என்ற ஈறுகள் எல்லா வீட்டாருக்கும் விடப்படவில்லை. ஒரு வீட்டுக் கந்தையா இன்னொரு வீட்டில் கந்தன். ஒரு வீட்டு வள்ளியம்மை இன்னொரு வீட்டில் வெறும் வள்ளி. பெயரைக் கேட்டதுமே ஆளை எங்கே இருத்துவது என்று ஊர் முடிவு செய்தது. பின்வந்த தலைமுறையினர் பிள்ளைகளுக்குப் பாட்டன் பாட்டி பெயரை விட்டுப் புதுப்பெயர் தேடியதற்கு நாகரிகம் மட்டும் காரணம் அல்ல. கேட்டவுடன் சாதி தெரியாத பெயர் ஒன்று பிள்ளைக்கு வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. இரணைமடுவை நம்பிக் குடாநாட்டிலிருந்து குடும்பங்கள் வந்தன. அந்தக் காலத்தையொட்டி எமது இடாப்பை 'ஈஸ்வரி'கள் நிறைத்தார்கள். பரமேஸ்வரி, மகேஸ்வரி, புவனேஸ்வரி, யோகேஸ்வரி, இராஜேஸ்வரி! ஒரே வகுப்பில் மூன்று இராஜேஸ்வரிகள் இருந்தால் ரீச்சர் என்ன செய்வார்? முள்ளியவளை ராஜி, தண்ணீரூற்று ராஜி, குமுழமுனை ராஜி என்று ஊர் சேர்ந்தது. ஒரே ஊரில் இருவர் இருந்தால் நெட்டை ராஜி, கட்டை ராஜி. பின்னர் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தது. இரவல் வாங்கி வாசித்த வீடுகளில் வானதியும் குந்தவையும் பூங்குழலியும் பிறந்தார்கள். கதையில் சதி செய்த நந்தினியின் பெயரையும் விடவில்லை. கதை தெரிந்த ரீச்சர்மாருக்கு அது பெரிய பகிடி.

இனிச் சொல்லப்போவது பகிடி அல்ல. 1958 இலும் 1977 இலும் நடந்த வன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து குடியமர்ந்தன. அவர்களின் பிள்ளைகள் பழனியம்மா, மாரியாயி, செல்லாயி, முனியம்மா என்ற பெயர்களோடு எமது வகுப்புகளுக்கு வந்தார்கள். அவை எமது பாட்டிமாரின் பெயர்களைவிட எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. ஆனால் நாம் சிரித்தோம். பட்டம் தெளித்தோம். ஊர்ப்பெயர் சேர்த்துக் கூப்பிட்ட நாமே அவர்களைத் 'தோட்டம்' என்று கூப்பிட்டோம். எம்மோடு படித்த ஒருத்தி ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது வேறு பெயரோடு வந்தாள். ஏன் என்று நாம் கேட்கவில்லை. இந்த மலருக்காக அவளைத் தேடிக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் பேசியபோது, "எந்தப் பெயரைப் போடப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். எமக்குப் பதில் வரவில்லை. "அம்மா வைச்ச பெயரைப் போடுங்கோ" என்று அவளே சொன்னாள். அப்படியே போட்டிருக்கிறோம். நாம் வைத்த பெயரைப் போடவில்லை.

எழுபதுகளின் பின் இடாப்பில் ஒரு புதுமை தெரிகிறது. டிலானி, டினோஜா, டர்சிகா என்று டகரத்தில் தொடங்கும் பெயர்கள் பெருகின. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. எமது தமிழ் ரீச்சரும் அதைச் சொல்லித் தலையில் கை வைப்பார். குற்றம் பெற்றவர்களுடையது மட்டும் அல்ல. பஞ்சாங்கப்படி 27 நட்சத்திரத்துக்கும் நான்கு நான்கு பாதமாக 108 எழுத்துகள் உண்டு. ஆயில்யத்தில் பிறந்த பிள்ளைக்கு டி, டு, டே, டோ. பூரத்துக்கும் உத்தரத்துக்கும் கூட டகரம் வரும். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்கு முன் ஐயரிடம் எழுத்தைக் கேட்டுவந்து, அந்த எழுத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல், ஓசைக்கு ஓசை கோத்து ஒரு பெயரைச் செய்தார்கள். எண்சாத்திரம் பார்த்தவர்கள் அதில் இன்னும் ஓர் எழுத்தைக் கூட்டினார்கள். பிள்ளைக்கே தன் பெயரின் பொருள் தெரியாது. வீட்டிலோ அவள் பேபி அல்லது குட்டி.

பின்பு காற்று மறுபக்கம் வீசியது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிய அடிகள் 1916 இல் தொடக்கிய தனித்தமிழ் இயக்கத்தின் எண்ணங்கள் வன்னியில் மிக ஆழமாக இறங்கியது விடுதலைப் புலிகளின் நிருவாகக் காலத்தில்தான். பேக்கரி வெதுப்பகமாகியது, பிள்ளைகள் யாழினி, தமிழினி, கயல்விழி, இசைவிழி, நிலவரசி ஆனார்கள். பொருள் விளங்கும் பெயர்கள் அவை. வகுப்பில் கூப்பிட அழகாகவும் இருந்தன. ஆனாலும் இசைவிழி வீட்டில் 'இசை'. பள்ளியில் இசைக்குப் பதிலாக 'வசை' என்று ஒரு குறும்புக்காரி சொல்ல அதுவே நிலைத்தது. பெயர் எக்காலத்ததானாலும் பட்டப்பெயர் பின்னாலே வந்துவிடும்.

1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது பாடசாலைகள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் மரநிழலில் நடந்தன. 2008, 2009 இல் மரநிழலும் இல்லை. போகும் வழியில் பிறப்புப் பத்திரமும் சாதகக் குறிப்பும் படங்களும் போயின. சில அதிபர்கள் உடுபுடைவையை விட்டு இடாப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செட்டிகுளம் முகாம்களிலும் அதன் பின்னரும் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்றவர்களுக்குத் தம்மைத் தாமே நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்போது பலருக்குக் கைகொடுத்தது விடுகைப் பத்திரமும், அதற்கு ஆதாரமான சேர்விடாப்பின் ஒரு வரியும்தான். அந்த வரியிலும் சோதனை. சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்து இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. யாழினி அங்கே போய்த் திரும்பி வரும்போது யாலினி ஆகிவிடுவாள். பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் அவள் வேறொருத்தி.

எமது பட்டியலில் முகவரி எழுத முடியாத பெயர்களும் உண்டு. 2017 பெப்ரவரி 20 இலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் இருந்தார்கள். அவர்களின் மடியில் இருந்த படங்களின் கீழே முழுப்பெயர். அழும்போது வாயில் வந்தது வீட்டுப்பெயர். படிவங்களில் பெயருக்கு ஒரு கட்டந்தான் இருக்கிறது. எமது பட்டியலுக்கு இரண்டு கட்டம் வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றதற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம்.

வெளிநாடு போனவர்களின் கதை வேறு. எமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான், மணம் முடித்தபின் கணவன் பெயரின் முதலெழுத்து. கடவுச்சீட்டில் அது பெயராகவே விரிந்தது. 'மிஸிஸ் கந்தசாமி' என்று அழைக்கப்படுபவள் எம்மோடு படித்த பூங்குழலி என்று எப்படித் தெரியும்? டென்மார்க்கில் அங்கீகரிக்கப்பட்ட பெயர்ப்பட்டியலில் இல்லாத பெயரைப் பிள்ளைக்கு வைக்க விண்ணப்பிக்க வேண்டும். இப்போது எமது பேரப்பிள்ளைகளுக்கு மாயா, ஆரியா, நிலா என்று இரண்டு உலகிலும் செல்லக்கூடிய பெயர்களைத் தேடுகிறார்கள். வெள்ளைக்கார ரீச்சர் சிரமப்படக் கூடாது என்கிறார்கள். நியாயந்தான். சிரிக்கப்படாத பெயர் பிள்ளைக்கு வேண்டும் என்றுதான் எமது தாய்மாரும் நினைத்தார்கள். ஆனால் சிரிப்பைத் தடுக்க வேண்டியது பெயர் அல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் என்பதை நாம் பிந்தித்தான் படித்தோம்.

இந்த மலரின் கடைசியில் வரும் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு இடம் விட்டிருக்கிறோம். முதலாவது இடாப்பில் உள்ளபடி. இரண்டாவது, நீங்கள் விரும்பிக் கேட்ட பெயர். விரும்பாதது எதையும் அச்சிடவில்லை. இரண்டாம் இடம் வெறுமையாக இருப்பவர்களில் சிலரை எம்மால் தேடிப் பிடிக்க முடியவில்லை. சிலர் இப்போது இல்லை. அவர்களை வகுப்பில் எப்படிக் கூப்பிட்டோம் என்பது உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் பேனாவால் அந்த இடத்தில் எழுதிவிட்டு எமக்கும் ஒரு வரி அறியத்தாருங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.