வேண்டாத விருந்தாளி

அயர்லாந்தின் மரபிசையைச் சாக்ஸபோனில் வாசிக்கலாமா என்னும் வழக்கு பழையது. 1934 சனவரி முதல் நாள், லீட்ரிம் மாவட்டத்து மோஹில் ஊரில் ஜாஸ் இசையை எதிர்த்து ஊர்வலமே நடந்தது. பாதிரியார் பீட்டர் கானஃப்ரி முன்னின்றார். மறு ஆண்டு வந்த பொது நடன அரங்குச் சட்டம், உரிமமின்றிப் பொது நடனம் நடத்துவதைத் தடை செய்தது. அதனால் வீட்டு நடனங்களும் நலிந்தன. அடுக்களையில் ஒற்றை ஃபிடிலுக்கு ஆடியவர்கள் அரங்குகளுக்குப் பெயர்ந்தனர். அங்கே ஒற்றை ஃபிடில் எடுபடவில்லை. 'கேய்லி' நடனக் குழுக்கள் பெருத்தன. சிலவற்றில் சாக்ஸபோனும் இடம்பிடித்தது. ஒழுக்கம் காக்க வந்த சட்டமே வேண்டாத விருந்தாளிக்கு வாயில் திறந்ததென்றே நாம் கருதுகிறோம்.

விருந்தாளிக்கும் சங்கடம்தான். டி சுருதி ரீலை ஆல்ட்டோவில் வாசிக்க ஐந்து ஷார்ப்புகள் வேண்டும். (1846இல் காப்புரிமை பெற்ற அடோல்ஃப் சாக்ஸ் ரீலை நினைத்திருக்க மாட்டார்!)

மூவிங் ஹார்ட்ஸ் குழுவின் 'தி ஸ்டார்ம்' (1985) இசைத்தட்டில், டேவி ஸ்பில்லேனின் துருத்திக்குழலும் கீத் டொனால்டின் சாக்ஸபோனும் அருகருகே ஒலிக்கின்றன.